சிக்னல் வராத வகுப்பின் நல்லொழுக்கம்

எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டேப்லெட் கொடுத்த மறு வாரமே, அதில் எதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்தார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க இன்றுவரை குழு கிடையாது. அமைத்த குழுவுக்கு இணைய ஒழுக்கக் குழு என்று பெயர். தலைவர், வேதியியல் சார். ஆய்வகத்து அமிலப் புட்டிகளையெல்லாம் அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவர் என்பதால் பிள்ளைகள் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் தலைமையாசிரியர் அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். நான் செயலாளர். வரலாறு நடத்துகிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வராது. இது எல்லாம் ஒரே ஆளிடம் அமைந்துவிட்டால் அவனுக்கு ஆயுளுக்கும் செயலாளர் பதவிதான்.

குழு முதல் வேலையாக இணையத்துக்கு ஒரு வடிகட்டி போட்டது. பிள்ளைகள் முதல் வேலையாக அந்த வடிகட்டியைத் தாண்டிப் போகும் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். அதைச் சுரங்கம் என்று சொல்வார்கள். சுரங்கத்தைத் திறந்துவிட்டால் வடிகட்டிக்குக் கண் தெரியாமல் போய்விடும். பாட்டு, விளையாட்டு, சினிமா எல்லாம் தாராளமாக வரும்.

பூட்டு சார் இதைச் சும்மா விடவில்லை. எந்தெந்தச் சுரங்கச் செயலிகளுக்குத் தடை என்று பெரிய சுவரொட்டி அடித்து ஒவ்வொரு நடைவழியிலும் ஒட்டினார். செயலியின் பெயர், அதன் படம், அது எங்கே கிடைக்கும், எப்படி நிறுவுவார்கள், நிறுவிய பிறகு எந்தப் பொத்தானை அழுத்துவார்கள் என்று பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் விளங்கும்படி படிப்படியாக விளக்கியிருந்தார். வேறு எந்தப் பாடத்தையும் எங்கள் பள்ளியில் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. அதுவரை விஷயமே தெரியாமல் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரொட்டி முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். அந்த வாரக் கடைசியில் அவர்களும் சுரங்கத்தில் இருந்தார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் பூட்டு சார் திரை போட்டு அதே விளக்கத்தை ஒரு மணி நேரம் கொடுத்தார். முடிந்ததும் சந்தேகம் கேட்கலாம் என்றார். பின்வரிசையில் இருந்து ஒரு தகப்பனார் எழுந்து, மூன்றாவதாகக் காட்டிய செயலியைத் தன் போனிலும் போட முடியுமா, அதில் மேட்ச் தெரியுமா என்று கேட்டார். பாதிப் பேர் பதிலைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்கள்.

பிறகு கண்காணிப்புப் பெட்டி வந்தது. வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட்டால் இணையத்தையும் அது கொடுக்கும், யார் சுரங்கத்தைத் திறந்தார்கள் என்றும் அது சொல்லும். பிடிக்கத் தெரியுமே தவிர அதற்குத் தடுக்கத் தெரியாது, குழுவும் அப்படித்தான். அலுவலக வாசலில் ஒரு பெரிய திரையை வைத்து, எந்த வகுப்பில் எத்தனை மீறல் என்று சிவப்பு எழுத்தில் ஓடவிட்டார்கள். எல்லா வகுப்பும் சிவந்து கிடந்தது. என் பத்தாம் வகுப்புப் பிரிவின் எண்ணைப் பார்த்தவர்கள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பூஜ்யம். கணக்கு டீச்சரின் பத்தாம் வகுப்பு, கடைசிப் பிரிவு.

அந்த வகுப்பின் நல்லொழுக்கத்துக்குக் காரணம் இதுதான். அந்த அறை ஒரு காலத்தில் விளையாட்டுச் சாமான் போடுகிற கிடங்கு. தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறைக்குப் பின்னால், தடித்த சுவர்களுக்கு நடுவில் இருக்கிறது. இணையம் மாடிப்படித் திருப்பம் வரைக்கும் வரும், அதற்குமேல் வராது. வீட்டுப்பாடத்தை அனுப்ப வேண்டுமானால் பிள்ளைகள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓட வேண்டும். இணையமே இல்லாத இடத்தில் யார் என்ன சுரங்கம் தோண்டுவது?

கணக்கு டீச்சர் இதைப் பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார். குழு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதிலாக விழா எடுத்தது. அந்த வகுப்புக்குத் தூய வகுப்பு என்று பட்டம் கொடுத்து, ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். மேலிடத்திலிருந்து கல்வி அதிகாரி வந்திருந்தார். டீச்சரை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த வெற்றியின் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். டீச்சர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, "எங்க ரூமுக்கு சிக்னலே வராது சார்," என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிகாரி எழுந்து, இந்தத் தன்னடக்கத்தைத்தான் நாம் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தன் பணிக்காலம் முழுவதும் தான் எந்தப் பள்ளியிலும் எந்தப் பிரச்சினையையும் பார்த்ததில்லை என்றும், அதற்குக் காரணம் பிரச்சினை இருக்கிற பள்ளிக்குத் தான் போனதில்லை என்பதே என்றும் பெருமையாகச் சொன்னார். நான் அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதினேன்.

கோப்பை வந்த மறு வாரம் மாதிரித் தேர்வு வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இந்த முறை டேப்லெட்டில்தான்; அதற்கு ஒத்திகை. தூய வகுப்பின் பிள்ளைகள் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள், நேரம் முடியும்வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் தேர்வுத்துறையிலிருந்து தகவல் வந்தது: வகுப்பு மொத்தமும் ஆப்சென்ட். பொதுத்தேர்விலும் இப்படி நடந்தால் மறுதேர்வு கிடையாது, அடுத்த வருடம்தான் எழுத முடியும்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது எட்டியவர்கள். ஒரு வருடம் போனால், அதில் பல பிள்ளைகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று கணக்கு டீச்சருக்குத் தெரியும். அன்றைக்கே குழுவுக்கு முன்னால் வந்து நின்றார். தன் வகுப்புக்கும் ஒரு கண்காணிப்புப் பெட்டி வேண்டும் என்றார்.

பூட்டு சார் சிரித்தார். "மேடம், பெட்டி எதுக்கு? தப்பு நடக்குற இடத்தைக் கண்காணிக்கிறதுக்கு. உங்க வகுப்புல தப்பே இல்லை. அங்க போய்ப் பெட்டிய மாட்டினா அந்தப் பிள்ளைங்கள நாங்க சந்தேகப்படுற மாதிரி ஆகிடாதா?"

டீச்சர் வேறு அறையாவது கொடுங்கள் என்று கேட்டார். தூய வகுப்பை மற்ற வகுப்புகளோடு கலந்தால் தூய்மை கெட்டுவிடும் என்று குழு கவலைப்பட்டது. பிள்ளைகள் எப்படித்தான் தேர்வு எழுதுவார்கள் என்று கேட்டதற்கு, அது தேர்வுக் குழு பார்க்க வேண்டிய விஷயம் என்றார் பூட்டு சார். தேர்வுக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். டீச்சர் அதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் குழு வியாழக்கிழமைதான் கூடும், இன்று அந்தத் தலைவரிடம் பேச முடியாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

வழி காட்டியவர் டீச்சரின் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் லைன்மேன். சாப்பிடும்போது மனைவி புலம்பியதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். விளக்கு வேணும்னு மனு குடுக்குற தெருவுக்கு வராது. திருட்டு நடந்த தெருவுக்குத்தான் மறுநாளே கம்பம் நடுவோம். உன் பிள்ளைங்க ரொம்ப நல்லவங்களா இருந்து தொலைக்கிறாங்க," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாராம். டீச்சர் சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் அவர் வகுப்பில் விஷயத்தைச் சொன்னார். நானும் இருந்தேன், சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார், நானும் வழக்கம்போல மாட்டேன் என்று சொல்லவில்லை. வகுப்பு முழுவதும் சுரங்கம் போட வேண்டும், ஒரு பிள்ளை போட்டால் அந்தப் பிள்ளையின் குற்றமாகிவிடும், எல்லாரும் போட்டால்தான் அது வகுப்பின் குற்றம், அப்போதுதான் பெட்டி வரும் என்றார்.

வகுப்புத் தலைவி எழுந்தாள். அவளுக்கு நீதிபதி என்று பட்டப்பெயர். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒரு எண்ணை விழுங்கினால்கூடத் தானே போய்ச் சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிற ரகம்.

"டீச்சர், எங்களத் தப்பு பண்ணச் சொல்றீங்களா?"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். அப்படி நின்றபடியே பேசினார். "ஆமாம்மா, தப்புதான். ஒழுங்கா இருந்தா உங்கள ஆப்சென்ட் போட்டுடுவாங்க. உங்க வீட்டுல ஏதாவது கேட்டாங்கன்னா டீச்சர்தான் சொன்னாங்கன்னு சொல்லுங்க. என் வேலை போனா போகட்டும், உங்க வருஷம் போகக் கூடாது."

நீதிபதி யோசித்தாள். தீர்ப்பு வர நேரமாயிற்று. கடைசியில், தப்பு செய்வது என்று முடிவான பிறகு அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றாள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்று, மாடிப்படித் திருப்பத்துக்கு ஐந்து ஐந்து பேராகப் போனார்கள். சுவரொட்டியைப் பார்த்துப் பார்த்து, படி ஒன்று, படி இரண்டு என்று சுரங்கத்தை நிறுவினார்கள். முடித்தவர்கள் அடுத்தவர்களுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஒரு விதிமீறலை நான் பார்த்ததே இல்லை.

நிறுவினால் போதாது, திறந்து எதையாவது பார்த்தால்தான் திரையில் அந்த டேப்லெட்டின் வகுப்புக் கணக்கில் சிவப்பு விழும். உலகமே திறந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில் எங்கள் பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். அது தடை செய்யப்பட்ட பக்கம்தான். பூட்டு சாரின் சுவரொட்டி அதில் இருந்ததால், தடை செய்த செயலிகளின் பெயர்களைப் பார்த்ததும் வடிகட்டி அதை என்றைக்கோ அடைத்துவிட்டது.

அலுவலகத் திரையில் தூய வகுப்பு ஒரே மூச்சில் சிவந்தது. குழுவில் யாரும் நம்பவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று ஆள் வரவழைத்தார்கள். அவன் தட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றான். டீச்சரே வந்து, செய்தது என் பிள்ளைகள்தான் என்றார். பெரிய மனதோடு பழியை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் அவரைப் பாராட்டினார். பிறகு நீதிபதி தன் டேப்லெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, சுரங்கத்தைத் திறந்து காட்டி, "இது படி அஞ்சு சார். உங்க போஸ்டர்ல இருக்கு," என்றாள்.

பூட்டு சார் நொறுங்கிப்போனார். அன்றைய அவசரக் கூட்டத்தில் அவர் பேசியதை நான் வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன். "மத்த பிள்ளைங்க தப்பு பண்ணும்போது எனக்கு வருத்தமே இல்லை. அவங்க இருக்குறதாலதான் இந்தக் குழுவே இருக்கு. ஆனா இவங்க நம்மள நம்ப வெச்சிட்டாங்க. இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல யாரையும் நம்ப முடியாது. நாளைலேருந்து நான் என் கண்ணால பாத்துப் படிச்ச பக்கம் மட்டும்தான் திறக்கும்." எல்லாரும் கைதூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் காலையே தூய வகுப்பாக இருந்த அறையில் பெட்டி மாட்டினார்கள். பள்ளியிலேயே பெரிய பெட்டி. சிக்னல் மோட்டார் அறை வரைக்கும் அடித்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது: குற்ற விசாரணை பொதுத்தேர்வு முடிந்து நடக்கும், அதுவரை அந்த வகுப்பில் யாரும் சுரங்கச் செயலியை நீக்கக் கூடாது, அது ஆதாரம். நீதிபதி உத்தரவை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாளாம். மற்ற வகுப்புகளில் எல்லாம் பூட்டு சாரே பெஞ்சு பெஞ்சாகப் போய், கண் முன்னால் சுரங்கத்தை நீக்க வைத்தார். அவர் கதவைத் தாண்டும் முன்பே அது திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

வீட்டுக் கணினியில் இரவெல்லாம் பக்கங்களைப் படிக்கும் வேலையில் பூட்டு சார் இளைத்துப்போனார். அகராதியை 'அ'விலிருந்து தொடங்கியவர் இன்னும் 'உ'வைத் தாண்டவில்லை. அதனால் பிள்ளைகள் அம்மாவுக்கும் இட்டலிக்கும் அர்த்தம் பார்க்க முடிந்தது, படிப்புக்குப் பார்க்க முடியவில்லை. தேர்வு நெருங்கியபோது நான் வாயைத் திறந்தேன். தேர்வுப் பக்கத்துக்கு அனுமதி கொடுத்தாயிற்றா என்று அவரிடம் கேட்டேன்.

"கேள்வித்தாள் ரகசியம் சார். பரீட்சை ஆரம்பிக்கிற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னு தேர்வுத்துறை விதி."

"அப்ப எப்ப பாத்து எப்ப அனுமதி குடுப்பீங்க?"

"ஆரம்பிச்ச உடனே பாத்துடுவேன்," என்றார் பூட்டு சார். கேட்டதற்காக என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தேர்வு நாள் காலை மணி அடித்தது. பத்தாம் வகுப்பின் எல்லாப் பிரிவிலும் எல்லாத் திரையிலும் ஒரே வாசகம் வந்தது: இந்தப் பக்கம் குழுத் தலைவரின் பார்வைக்குப் பிறகே திறக்கும். பூட்டு சார் அலுவலகத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேர்வுப் பக்கத்தைத் திறந்தார். அவருடைய கணினியிலும் அதே வாசகம்தான் வந்தது.

அவர் குழுத் தலைவர் நான்தான் என்று கணினியிடம் சொல்லிப் பார்த்தார். வடிகட்டியை அவிழ்க்கக் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும் என்பது அவரே எழுதிய விதி. குழுவில் என்னையும் அவரையும் தவிர எல்லாரும் தேர்வு அறைகளில் மேற்பார்வையில் இருந்தார்கள். தேர்வு முடியும்வரை அவர்கள் வெளியே வரக் கூடாது என்பது தேர்வுக் குழுவின் விதி. அதையும் அவர்தான் எழுதியிருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார்.

கடைசியில் பூட்டு சார் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மாணவர்களே, உங்கள்ல யார்கிட்டயாவது... அந்தச் செயலி இருந்தா... இந்த ஒரு தடவை திறக்கலாம். நடவடிக்கை எதுவும் எடுக்க மாட்டோம். இது பொறி இல்லை. சத்தியமா பொறி இல்லை."

நானும் பூட்டு சாரும் அறை அறையாக ஓடினோம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை. வருடம் முழுவதும் பொறி வைத்துப் பிடித்த ஆள் இது பொறி இல்லை என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? என் வகுப்பில், மீறல் கணக்கில் பள்ளிக்கே முதலிடம் பிடித்தவனிடம் போய்ப் பூட்டு சார் குனிந்து கெஞ்சினார். அவன் கண்களை அகல விரித்து, "சுரங்கமா? அப்படின்னா என்ன சார்?" என்று கேட்டான்.

நடைவழியின் கடைசிக்கு வந்தோம். மோட்டார் அறைக்குப் பின்னால் நிசப்தமாக இருந்தது. கணக்கு டீச்சரின் வகுப்பில் எல்லாத் தலையும் குனிந்திருந்தது, எல்லா விரலும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு திரையிலும் கேள்வித்தாள் திறந்திருந்தது. திரையின் மூலையில், சுவரொட்டியில் மூன்றாவதாக இருந்த செயலியின் சின்னம். பிறகுதான் விவரம் தெரிந்தது: தடை வாசகம் வந்ததுமே நீதிபதி எழுந்து, ஆதாரத்தை நீக்கக் கூடாது என்றுதான் உத்தரவில் இருக்கிறது, திறக்கக் கூடாது என்று எங்கும் இல்லை என்றாளாம். அதற்கு மேல் ஒருவரும் ஒரு நொடியும் வீணாக்கவில்லை.

பூட்டு சார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "மேடம், இந்தப் பிள்ளைங்கள்ல ஒரு ரெண்டு பேரை அனுப்புங்க மேடம்," என்றார். "மத்த வகுப்புல இதை எப்படித் திறக்கணும்னு..."

கணக்கு டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். இத்தனை நாள் குழுவின் முன்னால் நின்று நின்று கெஞ்சிய முகம் அது. இப்போது அதில் கெஞ்சல் இல்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"பரீட்சை நடக்குது சார். மெதுவாப் பேசுங்க."

பூட்டு சார் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நானும் கழற்றிக்கொண்டேன். வந்த வழியே இருவரும் ஓசைப்படாமல் திரும்பி நடந்தோம்.